பழகின முகங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பற்றிக் கேட்டால் "தெரியும், பழகின ஆள்" என்று சொல்வோம். பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. சந்தைக்குப் போகிற வழியில் அடிக்கடி கண்டிருப்போம், மழைக்கு ஒரே தாழ்வாரத்தில் ஒதுங்கியிருப்போம். அது போதும். குளிர் பழகிவிட்டது, இரவு வேலை பழகிவிட்டது என்று சொல்வதும் அதே சொல்லால்தான். ஆளோடு பழகுவதற்கும் குளிருக்குப் பழகுவதற்கும் நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது என்பதை நான் கவனித்தது ஸ்காபரோவுக்கு வந்த பிறகு. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்துவிட்டேன். இந்த ஊர் எப்படி என்று யாராவது கேட்டால், என் பதில் அந்தச் சொல்லைச் சுற்றியே வருகிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்காபரோ என்பது ரொறன்ரோவின் கிழக்குப் புறம். 1998 வரை தனி நகராட்சியாக இருந்தது, அந்த வருடம் ரொறன்ரோவோடு சேர்த்துவிட்டார்கள். ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறோம். எங்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஊரின் பெயரும் வெளியே இருந்து வந்ததுதான். 1793இல் அப்போதைய ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ, ஒன்ராறியோ ஏரிக்கரையில் நிற்கும் வெளிறிய செங்குத்து மேடுகளைப் பார்த்து, இங்கிலாந்தில் யோர்க்ஷயர் கரையிலுள்ள ஸ்காபரோவை நினைத்து இந்தப் பெயரை வைத்தார். இங்குள்ள தமிழ்க் கடைப் பலகைகளில் எங்கள் ஊர்ப்பெயர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும். ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது.

ஆனால் அவர் பெயர் வைத்தபோது இது ஆளில்லாத நிலம் அல்ல. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வீடுகளுக்கு நடுவே புல் மூடிய மேடு ஒன்று இருக்கிறது. டேபர் ஹில் என்பார்கள். 1956இல் புதுக் குடியிருப்புக்காக மண் எடுத்தபோது அங்கே இந்த மண்ணின் பழங்குடிகளான வெண்டாட் மக்களின் கூட்டுப் புதைகுழி வெளிப்பட்டது. ஐநூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். அதனால்தான் அந்த மேடு வீடாகாமல் தப்பியது. பிள்ளைகள் பனிக்காலத்தில் அதில் சறுக்கி விளையாடப் போனபோது நான் போகவிடவில்லை. ஏன் என்று கேட்டார்கள். "அது சுடலை" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சரியான சொல் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நான் வந்தது 1991 ஒக்டோபரில். 1983க்குப் பிறகு வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் பாதை போட்டு வைத்திருந்தார்கள். 1986 ஓகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை மீன்பிடிப்பவர்கள் கண்டு கரைசேர்த்த கதையை, வந்த முதல் கிழமையிலேயே மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள். மூன்று பேரும் அந்தப் படகில் தாங்களும் இருந்தது போலவே சொன்னார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

மார்க்கம் வீதியும் லோரன்ஸ் வீதியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் இருந்தோம். நானும் இவரும், இவருடைய தம்பியும், தம்பியின் கூட்டாளிகள் இரண்டு பேரும். சின்ன யன்னல் ஒன்று மேலே நிலமட்டத்தில் இருக்கும். அதில் தெரிவது ஆட்களின் கால்கள் மட்டும்தான். குளிர் வரவர சப்பாத்துகள் தடித்துக்கொண்டு போனதை அந்த யன்னலில்தான் பார்த்தேன்.

வேலை ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில். விடிகாலை ஐந்தே காலுக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். ஸ்காபரோவைக் கட்டியவர்கள் இப்படி ஆட்கள் நின்று காத்திருப்பார்கள் என்று நினைத்துக் கட்டவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு எழுந்த ஊர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கார், ஆறு தடம் போட்ட அகல வீதிகள், வீதிக்கு உள்ளே தள்ளி வண்டி நிறுத்தும் இடத்தோடு கடைத்தொகுதிகள். எக்ளின்டன் வீதியில் 'கோல்டன் மைல்' என்ற பகுதி இருக்கிறது. போர்க்காலத்தில் அங்கே வெடிமருந்து தொழிற்சாலை, வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிறகு அங்கே எழுந்த கடைத்தொகுதியைப் பார்க்க 1959இல் இங்கிலாந்து மகாராணியே வந்தார். வண்டி இருப்பவர்களுக்காகக் கட்டிய அந்த ஊருக்கு, வண்டி இல்லாத நாங்கள் வந்து சேர்ந்தோம். அதனால் நிற்க வேண்டியிருந்தது. காற்றுக்கு மறைப்பில்லாத அகல வீதி ஓரத்தில், ஒவ்வொரு நாளும், அதே ஆட்களோடு.

அந்த நிறுத்தத்தில் ஆறு பேர். ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை. முதல் பனி கொட்டிய நாளில் நான் கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். வேறு இருக்கவில்லை. கால்விரல் மரத்துப்போய் ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண், என்னைவிட வயது கூடியவர், தன் பையைத் திறந்து கடையில் சாமான் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் பைகள் இரண்டை எடுத்தார். குனிந்து தன் சப்பாத்தைக் காட்டினார். காலுறைக்கு மேல் பை, அதற்கு மேல் சப்பாத்து. அவருடைய சப்பாத்துக்குள்ளும் அப்படித்தான் இருந்தது. அந்த இருட்டில் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று நான் பையை மாட்டினேன். இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

நான்கு வருடம் அதே நிறுத்தத்தில் நின்றோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எனக்கு வயிறு தெரியத் தொடங்கிய மாதத்திலிருந்து பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி, தன் கைப்பையை வைத்து இருக்கையைப் பிடித்து வைப்பார். ஒரு வசந்தகாலத்தில் அவர் வருவது நின்றது. வேலை மாறியிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம். கேட்க யாரும் இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் மார்க்கம் வீதி பஸ்ஸில் ஏறினால், ஒரு கணம் நான் முன்னிருக்கைகளைப் பார்ப்பேன்.

கனடாவில் 1971இலேயே பன்முகப் பண்பாட்டை அரசாங்கக் கொள்கையாக அறிவித்துவிட்டார்கள். அதன் பேரில் விழாக்கள் நடக்கும். மேடை, உடுப்பு, நடனம், சாப்பாட்டுக் கூடாரம். என் மகளும் பரதம் ஆடியிருக்கிறாள், எனக்கு அதில் மனக்குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊரில் நான் கண்ட முக்கியமான காரியங்கள் ஒன்றும் மேடையில் நடக்கவில்லை. ஒரு தேவைக்காகவும் ஒரு காத்திருப்புக்காகவும் நின்ற இடங்களில்தான் அவை நடந்தன.

தொழிற்சாலையில் கயானா நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். கறுத்து மெலிந்த மனிதர், என் சித்தப்பா சாயல். பெயரட்டையில் அவருடைய குடும்பப்பெயர் 'சாமி' என்று முடிந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சுட்டிக்காட்டி, இது எங்கள் மொழி என்றேன். அவர் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கடவுளையும் அப்படிச் சொல்வோம், மரியாதைக்குரிய ஆளையும் அப்படிக் கூப்பிடுவோம் என்றேன். தன் பெயருக்கு அர்த்தம் இருக்கிறது என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில், மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள் ஒரு சிறு பகுதி. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மொழியை இழந்தும் மாரியம்மாவை விடவில்லை. அடுத்த நாள் அவர் தன் பாட்டி கோயிலில் பாடுகிற ஒரு பாட்டை மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். வார்த்தைகள் தேய்ந்து உருமாறிக் கிடந்தன. எனக்குப் பிடிபட்டது இரண்டே சொற்கள். 'தாயே', 'மாரியம்மா'. மற்ற வரிகளுக்கும் நான் அர்த்தம் சொல்வேன் என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாவைக் கூப்பிடுகிற பாட்டு என்று சொன்னேன். அது பொய்யல்ல.

மகன் பிறந்த பிறகு தொடர்மாடிக் கட்டடத்துக்கு மாறினோம். பதினான்கு மாடி, ஒன்று ஓடினால் ஒன்று ஓடாத இரண்டு லிஃப்ட். மாலை ஆறு மணிக்கு அந்த லிஃப்டில் ஏறினால் எந்தத் தளத்தில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். கருவாடு, சோம்பு தாளித்த எண்ணெய், தேங்காய்ப்பால், எங்களுக்கு அப்போது தெரியாத ஜமேக்காத் தாளிப்பு. ஒருவரின் கறிவாசம் பிடிக்காமல் மற்றவர் முறையிட்டதும் நடந்தது. எங்கள் வாசலிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுதியவர் யார் என்று தெரிந்தும் நாங்கள் கேட்கவில்லை. இன்னொரு நாள் வீதியில் கார் ஒன்று மெதுவாக வந்து, கண்ணாடியை இறக்கி, "உன் நாட்டுக்குப் போ" என்று கத்திவிட்டுப் போனது. மகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு நான்கு வயது. கனடாவில் பிறந்தவன்.

இதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளுக்குள் நாங்கள் சொன்னவையும் நல்லவை அல்ல. மாமி 1996இல் ஊரிலிருந்து வந்தார். எதிர்வீட்டில் ஜமேக்காவைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா. மாமி அவரை 'காப்பிலி' என்றுதான் சொல்வார், அந்தச் சொல்லில் ஒரு தவறும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மாமி மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான். தோல் நிறத்துக்காக எங்களைத் துரத்துகிற நாட்டில் இருந்துகொண்டு, எங்களைவிடக் கறுப்பானவர்களை நாங்கள் துரத்தினோம். பிள்ளைகள் கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்வதைப் பெற்றோர் பயத்தோடு பார்த்தார்கள். நானும் பயந்தேன். ஒருநாள் மகன் வந்து, பாட்டி சொல்கிற அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டான். அதை மொழிபெயர்த்துச் சொல்ல என் வாய் எழவில்லை. அப்போதுதான் அந்தச் சொல் என்ன என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது.

மாமியை மாற்றியது என் புத்திமதி அல்ல. கோடைகாலத்தில் கட்டட வாசலில் ஒரு வாங்கில் கிடக்கும். பகல் முழுதும் வேலைக்குப் போகாதவர்கள் அதில்தான் இருப்பார்கள். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அம்மாவின் ஆங்கிலம் எனக்கே பாதிதான் விளங்கும். ஒருநாள் அவர் பை நிறையக் கீரை கொண்டுவந்து வாங்கிலில் வைத்து ஆயத் தொடங்கினார். அவர்கள் அதை 'கலலூ' என்பார்கள். மாமி எட்டிப் பார்த்தார். ஒரு தண்டை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தார். அன்று பின்னேரம் நான் வேலையால் வந்தபோது இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மாமி என்னைக் கண்டதும், "பிள்ளை, இது எங்கட கீரையடி! இவை சமைக்கத் தெரியாமல் உப்பு மீனோடை போட்டு வதக்கினமாம்" என்றார். யார் அதை அவருக்குச் சொன்னது, எந்த மொழியில் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் கீரை விதைத்தார்கள். ஏழு கோடை அந்தப் பாத்தி இருந்தது. மாமி அந்தப் பழைய சொல்லை முழுதாக விட்டார் என்று சொல்ல மாட்டேன். தொலைக்காட்சியைப் பார்த்துச் சொல்வது கடைசிவரை இருந்தது. ஆனால் எதிர்வீட்டு அம்மா எப்போதும் "என்ரை கீரைக்காரி"தான். மாமியின் செத்தவீட்டுக்கு அவர் வெள்ளைத் தொப்பி போட்டு வந்து முதல் வரிசையில் இருந்தார். எங்கள் சொந்தக்காரர்கள் யாரென்று கேட்டார்கள். மாமியின் கூட்டாளி என்று சொன்னேன். அதைவிடப் பெரிய உறவு மாமிக்கு இந்த நாட்டில் இருக்கவில்லை.

பிள்ளைகளின் கதை வேறு. எங்களுக்குப் பழக வருடங்கள் எடுத்தது, அவர்களுக்கு ஒரு வகுப்பறை போதுமாக இருந்தது. மகன் பதின்மூன்று வயதில் கூட்டாளியை "வக்வான்" என்று கூப்பிடத் தொடங்கினான், ஜமேக்காச் சொல். உண்மை பேசுகிறேன் என்று சத்தியம் செய்ய "வல்லாஹி" என்பான். அது சோமாலியப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. விளக்கு ஏற்றும் வீட்டில் பிறந்த பிள்ளை அல்லாமேல் ஆணையிடுகிறதே என்று இவர் கோபப்பட்டார். மொழி ஆராய்கிறவர்கள் ரொறன்ரோ இளையவர்களின் இந்தப் பேச்சை ஒரு தனி வழக்காகவே இப்போது படிக்கிறார்கள். வெளியாட்களுக்கு அது தெருப்பேச்சு. எனக்கு அதில் அந்த லிஃப்டின் வாசம் அடிக்கிறது.

சாப்பாட்டில் நடந்ததும் அதுதான். ஸ்காபரோ பிளாசா ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்க்கிறேன். ஒற்றைத் தளக் கட்டடம், முன்னால் தார் போட்ட வண்டி நிறுத்தம். ஓரத்தில் தமிழ்ப் பலசரக்குக் கடை. அதற்கடுத்து ஆப்கானியர்களின் ரொட்டிச்சூளை, ஆள் நீளத்துக்கு ரொட்டி தொங்கும். அடுத்தது டிரினிடாட் ரொட்டிக் கடை, அவர்களுடைய ரொட்டிக்குள் பருப்புத் தூள் இருக்கும், கறியை உள்ளே வைத்துச் சுருட்டித் தருவார்கள். எங்கள் கடையில் ரொட்டியைத் துண்டு துண்டாகக் கொத்துகிற சத்தம் வண்டி நிறுத்தம்வரை கேட்கும். ஒரே சொல், மூன்று சாப்பாடு, மூன்று கடையிலும் வரிசையில் நிற்பது கலந்த கூட்டம். மற்ற ஓரத்தில் ஒரு தேவாலயம், பின்பக்கத்தில் வண்டி ஓட்டப் பழக்கும் இடம், பணம் அனுப்பும் கடை, குடிவரவு வழக்குப் பார்க்கும் சட்டத்தரணியின் அலுவலகம்.

ஹக்கா சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொல்கத்தாவில் பல தலைமுறை வாழ்ந்த ஹக்கா சீனர்கள். 1962 இந்திய–சீனப் போரின்போது இந்தியச் சீனர்கள் பலரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அதன்பின் நாட்டை விட்டவர்களில் கணிசமானோர் ரொறன்ரோ வந்தார்கள். இன்று ஸ்காபரோவில் வங்காளி, குஜராத்தி, தமிழர், கயானாக்காரர் என்று எல்லோரும் பிறந்தநாளுக்குப் போவது அந்தக் கடைகளுக்குத்தான். கல்லாவில் இருக்கும் சீனப் பெண் எங்களைக் கண்டதும் ஹிந்தியில் கதைப்பார். எங்களுக்கு ஹிந்தி தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்தது மிளகாய்க் கோழி.

முகாம் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. ஸ்காபரோவின் பழைய நகரமண்டபம், வெள்ளை வளைவுகளாக எழுந்து நிற்கிற கட்டடம், 1973இல் திறக்கப்பட்டது. வரைந்தவர் ரேமண்ட் மொரியாமா. இரண்டாம் உலகப்போரில் கனடா தன் சொந்த ஜப்பானியக் குடிமக்களை எதிரிகளாக எண்ணி முகாம்களில் அடைத்தபோது, அதில் அடைபட்ட சிறுவர்களில் அவர் ஒருவர். தன்னை அடைத்த நாட்டில், ஒரு ஊரின் பொதுமக்கள் கூடுகிற மண்டபத்தை அவர் கட்டிக் கொடுத்தார். பனிக்காலத்தில் அதன் முன்னாலுள்ள சதுக்கத்தில் உறைபனித் தளம் போடுவார்கள். என் பிள்ளைகள் முதன்முதலாக விழுந்து எழும்பியது அங்கேதான். மொரியாமாவின் கதை தெரிந்த பிறகு அந்தக் கட்டடத்தைக் கடக்கிறபோது ஒருமுறை நிமிர்ந்து பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.

எல்லாம் இலகுவாக வந்து சேர்ந்தது என்று யாரும் நினைக்கக்கூடாது. அஜின்கோர்ட் பகுதியில் ஹொங்கொங் சீனர்கள் 1984இல் ஒரு பழைய ஸ்கேட்டிங் கூடத்தை மாற்றி டிராகன் சென்டர் என்ற கடைத்தொகுதியைத் திறந்தார்கள். கூட்டம் குவிந்தது. அயலில் முன்பே இருந்தவர்கள் வாகன நெரிசல் என்று முறையிட்டார்கள், பொதுக்கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள், சீனர்களைத் தாக்கும் துண்டுப்பிரசுரங்களும் உலாவின. வண்டி நிறுத்தத்தைப் பற்றிப் பேசுகிற குரலுக்கு அடியில் வேறொரு பேச்சு இருந்ததை எல்லோரும் அறிந்திருந்தார்கள். சில வருடங்களில் அதே பகுதியில் சீனக் கடைகள் தெருத்தெருவாகப் பெருகின. டிராகன் சென்டரை இப்போது இடித்துவிட்டார்கள்.

2009 மே மாதம். ஊரில் நடந்ததை இங்கே நான் எழுதப்போவதில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாங்கள் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்த இரவுக்கு அடுத்த நாள், வானொலியிலும் பத்திரிகையிலும் எங்களைத் திட்டினார்கள். வேலையிடத்தில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. அன்று இரவு கட்டடத்தின் சலவை அறையில் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் மாடி ஆப்கான் பெண் உள்ளே வந்தார். லிஃப்டில் தலையசைப்பதோடு சரி, அதுவரை கதைத்ததில்லை. என்னுடைய உடுப்புகள் ஈரத்தோடு இயந்திரத்தில் நின்றுவிட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் அவற்றை எடுத்து உலர்த்தியில் போட்டு, தன் சில்லறையைப் போட்டு ஓடவிட்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் இருந்தார். "உன் ஆட்கள் அங்கே இருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். பிறகு இரண்டு பேருமாகப் போர்வைகளை மடித்தோம்.

ரொறன்ரோவின் மற்றப் பகுதிக்காரர்களுக்கு ஸ்காபரோ என்றால் தூரம், வன்முறை, வெறும் வீதி. சைபீரியாவோடு சேர்த்து ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள், அதைத் திரும்ப எழுத எனக்கு விருப்பமில்லை. தூரம் என்பது உண்மைதான், ஆனால் அது வரைபடத்தில் உள்ள தூரம் அல்ல. 1985இல் திறந்த ஸ்காபரோ ஆர்டி என்ற ஆறு நிலைய ரயில், 2023 ஜூலை 24 மாலையில் தடம் புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். அது பிறகு ஓடவே இல்லை. எப்படியும் அந்த நவம்பரில் நிறுத்த இருந்தார்கள். அதற்குப் பதிலாக வரவேண்டிய சுரங்கரயில் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பல வருடமாகப் பேசி, திட்டம் மாற்றி, திரும்பப் பேசி இழுத்த காரியம். முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் களஞ்சியங்களிலும் இரவு வேலை முடித்து வருகிறவர்கள்தான் அதன் விலையைக் கொடுத்தார்கள். பழையபடி எல்லோரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

இப்போது நான் வேலையை விட்டுவிட்டேன். பகலில் செடார்பிரே நூலகத்துக்கு நடந்து போவேன். தமிழ்ப் புத்தகங்கள் இருக்கிற அலுமாரிக்கு எதிரே சீனப் பத்திரிகைகள் வைக்கிற மேசை. அந்த மேசையில் ஒரு முதியவர், கையில் பூதக்கண்ணாடி, மழையானாலும் பனியானாலும் பத்தரைக்கு வந்துவிடுவார். எட்டு வருடமாகத் தலையசைத்துக்கொள்கிறோம். ஒருமுறை நான் மூன்று கிழமை காய்ச்சலில் கிடந்துவிட்டுப் போனேன். அவர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் விரித்து, எங்கே போனாய் என்பது போல. நெற்றியில் கைவைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த நாள் என் மேசையில் இரண்டு தோடம்பழம் இருந்தது.

நான் சொன்ன அந்தப் பிளாசாக்களுக்குத்தான் இப்போது ஆபத்து. வாடகை குறைவு என்பதால்தான் அங்கே அந்தக் கடைகள் வந்தன. பழைய கட்டடம், அழகில்லாத முகப்பு, யாரும் விரும்பாத இடம். கையில் கொஞ்சக் காசோடு வந்தவர் ஒரு கதவை வாடகைக்கு எடுத்து ஒரு வாழ்க்கையைத் தொடங்க முடிந்தது. இப்போது அந்த நிலத்துக்கு விலை ஏறிவிட்டது. கோல்டன் மைலில் வானளாவிய கோபுரங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள், எங்கள் பக்கமும் வருகிறது. வீடு வேண்டும், அதை மறுக்கிறவள் அல்ல நான். பேஸ்மெண்ட் யன்னலில் கால்களைப் பார்த்தவளுக்கு வீட்டின் அருமை தெரியும். ஆனால் கோபுரத்தின் கீழ்த்தளக் கடைக்கு ஆப்கான் ரொட்டிக்காரர் வாடகை கொடுக்க முடியாது. அவர் போனால் அந்தச் சூளைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எங்கே நிற்பார்கள்?

போன மாதம் எங்கள் பிளாசா வாசலில் நகராட்சியின் பெரிய அறிவித்தல் பலகை நட்டார்கள். நூலகத்தால் வரும்போது கண்டேன். பூதக்கண்ணாடி முதியவர் ஏற்கெனவே அதன் முன் நின்றார், கையில் கனத்த அரிசிப் பை. ஆங்கில எழுத்துகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பலகையைக் காட்டினார். பிறகு கையை இடுப்புயரத்துக்கு வைத்து, தோளுக்கு உயர்த்தி, தலைக்கு மேல் உயர்த்தி, என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு உயரம்?

பலகையை வாசித்தேன். பத்து விரலை மூன்று தரம் விரித்து மூடினேன், பிறகு ஐந்து.

அவர் திரும்பிக் கடைகளைப் பார்த்தார். ஒற்றைத் தளம். ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து கதவில் சாய்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நான் விரல் காட்ட வேண்டியிருக்கவில்லை.

பஸ் வந்தது. முதியவரின் அரிசிப் பையை நான் வாங்கிக்கொண்டேன், அவர் கம்பியைப் பிடித்து ஏறினார்.